அடிக்கோடு

நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும் என்பார்கள்.
நான் செய்ததற்கு நரம்பு மட்டும்தான்:
எட்டுப் பொன்கம்பி,
ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பிளாஸ்ரிக் தோல்,
மின்சாரம் கடத்தும் பிளாஸ்ரிக்.

முகவைக்குள், அமிலத்தில்,
அனிலீன் ஒன்றன் கையை ஒன்று பிடித்துச் சங்கிலியாகும்போது
பொன் பச்சையாகும்.
பாசி பிடித்த கிணற்றுப் படி போல என்று எழுத வந்தது.
இல்லை, அதைவிடக் கடும் பச்சை,
என் பரிசோதனைக் கொப்பியில் விரல் பட்ட இடமெல்லாம் இருக்கிற பச்சை.
காரம் பட்டால் நீலம்.
திரும்ப அமிலம், திரும்பப் பச்சை.
கோபம் வைத்திருக்காத பொருள் என்று நினைத்திருந்தேன்.

நாக்கு தண்ணீருக்குள்.
மூக்கு போத்தலின் கழுத்தில்:
நான்கு சில்லு, நான்கிலும் பொலிபிரோலின் கறுத்த படலம்.
ஆவி குடித்தால் வீங்கும்,
வீங்கினால் தடை ஏறும்,
ஏறியது திரையில் கோடாகும்.
அவ்வளவுதான் அதற்கு மணம்.

எனக்கு அவ்வளவும் இல்லை.
இரண்டு வருடத்துக்கு முந்திய காய்ச்சல்
போகும்போது என் மூக்கையும் கொண்டுபோனது.
கருவாடும் மல்லிகையும் எனக்கு ஒரே காற்று.
ஜெனோசன் முகர்வான், சொல்வான்,
நான் பதிவேன், இன்ன கோட்டுக்கு இன்ன பெயரென்று.
கடன் வாங்கிய மூக்கோடு
இயந்திரத்துக்குப் பாடம் எடுக்கிறேன்.

ஏழாலையில் பதினேழாவது கிணறு.
வாளி மேலே வந்ததும் ஜெனோசன் முகத்தைத் திருப்பினான்.
"மண்ணெண்ணெய் மாதிரி," என்றான், எனக்கு மட்டும் கேட்க.
தவமலர் அக்காவுக்கும் கேட்டுவிட்டது.
"ஒரு மணமும் இல்லையே தம்பி.
மூண்டு வரியமாய் நாங்கள் இதைத்தானே குடிக்கிறம்."

மடிக்கணினியில்
பதினாறு கிணறுகள் ஒரு மூலையில் நெருக்கியடித்து நிற்க
இது மட்டும் தூரத்தில்,
தனிப் புள்ளி.
"இதில எங்கட கிணறு எது?"
காட்டினேன்.
"தள்ளி நிண்டா நல்லதோ, கூடாதோ?"
வேறு என்று மட்டும்தான் தெரியும் அக்கா.
கொழும்புக்கு அனுப்பின போத்தலுக்கு மறுமொழி வரவேணும்.
"அதுக்குள்ள தேத்தண்ணி குடியுங்கோ."

நான் குடித்தேன்.
சூடு, இனிப்பு, எனக்கு அதற்கு மேல் எட்டாது.
ஜெனோசனின் கோப்பை கிணற்றுக்கட்டில் இருந்தது,
ஆடை படரும்வரை.
அவர் அதைத்தான் பார்த்தார்,
என் திரையை அல்ல.
எடுத்து,
வாசலில் ஊற்றவில்லை,
வாழைக்குப் போகிற வாய்க்காலிலும் ஊற்றவில்லை.
எங்கே ஊற்றுவதென்று தெரியாமல்
கையில் பிடித்தபடி நின்றார்.

பிறகு திருநெல்வேலி. ஆய்வுகூடம். இரவு ஒன்பதரை.
அதே போத்தல், இருபத்தாறாம் முறை.
கோடு ஏறவில்லை.
தண்ணீர் ஒன்றும் சுத்தமாகிவிடவில்லை,
அடிக்கோடு மேலே நகர்ந்துவிட்டது.
எண்ணெய்க் காற்றைத்தான் இப்போது
சும்மா காற்று என்கிறது என் மூக்கு.
நைதரசன் ஊதிப் பார்த்தேன். சூடாக்கிப் பார்த்தேன்.
அறிக்கையில் இதற்கு எழுதுகிற சொல் நகர்வு.
ஏழாலையில் கேட்ட சொல் இல்லையே.

படலத்தைச் சுரண்டி எடுத்தேன்.
நகத்திடுக்கில் கறுப்பு.
புதுக் கரைசல் ஊற்றி, சில்லை இறக்கி,
மின்னழுத்தம் கொடுத்துவிட்டு
படிவத்தை இழுத்து வைத்தேன்.

மணம்:
வீட்டார், இல்லை.
உதவியாளர், உண்டு.
ஆய்வாளர் என்ற இடத்தில்
என் பெயருக்கு நேரே
ஒரு கோடு போட்டேன்.