ஒன்பது வோல்ட்

அஸ்கர் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த பெட்டிக்குள்
நூற்று எழுபது பெடல்கள்.
திறந்து பார்த்தால் ஒன்றுகூட இருக்காது.
திரையைத் தொட்டால்
ஒரு ஃபஸ் உறுமிக்கொண்டு எழுகிறது.
இன்னொரு தொடலில்
எந்த ஊரிலோ எந்த அறையிலோ நின்ற ஆம்ப்ளிஃபையர்.
அதற்கு முன்னால் மைக்கை எத்தனை அங்குலம்
தள்ளி வைக்கட்டும் என்றுகூடக் கேட்கிறது.

என்னிடம் ஒன்றுதான்.
சோப்பு டப்பா அளவு இரும்பு.
இரண்டு குமிழ், ஒரு மிதி,
வயிற்றில் ஒன்பது வோல்ட் பேட்டரி.
பாம்பன் உப்புக்காற்றில்
மூன்று மாதத்துக்கொருமுறை ஜாக்கில் பச்சை பூக்கும்,
பழைய டூத்பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ப்பேன்.
கத்திரி வெயிலில் ஒரு குரல்,
வாடைக்காற்றில் வேறு குரல்.
"ஜெர்மானியம் அப்படித்தான்" என்பான் அஸ்கர்,
கோபக்காரச் சம்பந்தியைப் பற்றிச் சொல்வதுபோல.

பகலில் எனக்கு மண்டபத்தில் ஐஸ் கம்பெனி வேலை.
அங்கே கம்ப்ரெசர் நாள் முழுக்க ஒரே சுரம் பிடிக்கும்:
ஜி, ஆனால் மயிரிழை ஏறின ஜி.
ராத்திரி பெடலை மிதித்தால்
அதே ஜி ஸ்பீக்கரில் உட்கார்ந்திருக்கும்.
அஸ்கரின் பெட்டி அதை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.
தந்தியிலிருந்து விரலை எடுத்ததும்
ஐஸ் அறைக் கதவைச் சாத்தினாற்போல்
ஓர் அமைதி.
பொய் சொல்லக் கூடாது, எனக்கு அது பிடித்திருந்தது.

சப்பரப் பவனிக்கு முந்தின ராத்திரி
தங்கச்சிமடத்தில் ஒத்திகை.
இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தோம்.
டிரம்மர் டெரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டு
ஐந்தில் மூன்று தடவை தப்பாகச் சொன்னான்.
என் கண்ணையும் கட்டினார்கள்.
நான் நான்கு.

பெட்டி ஜெயித்துவிட்டது என்று
அஸ்கர் பரோட்டா வாங்கக் கிளம்பினான்.
டெரன்ஸ் கூடவே போனான்.

பெடலை அணைக்காமல்
கிடாரை மடியில் கிடத்தியிருந்தேன்.
ஸ்பீக்கரில் யாரோ பேசினார்கள்.

தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல்
ஒரு பெண்குரல்.
தமிழ்தான். அக்கரைத் தமிழ்.
"பேசாலையைப் பிறப்பிடமாகவும்
வங்காலையை வதிவிடமாகவும் கொண்ட
சந்தியோகு லெம்பேட் அவர்கள் நேற்றுக் காலமானார்.
அன்னார் காலஞ்சென்ற மதலேனாவின் அன்புக் கணவரும்
ரெஜினோல்ட், சூசைமுத்து, டிலானி ஆகியோரின்..."

கேபிளைத் தூக்கிப் பிடித்தால் பெயர் தெளிகிறது.
கை தாழ்ந்தால் வெறும் இரைச்சல்.
முழங்கை வலிக்கிற வரைக்கும்
விளக்குப் பிடிப்பவன்போல் நின்றேன்.

தனுஷ்கோடிப் பக்கம் போனால்
போன்கூட இலங்கைக்கு நல்வரவு சொல்லும்.
அது கட்டணத்துக்காகச் சொல்வது.
இந்த டப்பாவுக்கு ரேடியோ என்றால் என்னவென்றே தெரியாது.
வருவதை உள்ளே விட்டுவிடுகிறது,
அவ்வளவுதான் அதன் கோளாறு.

"உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும்
இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்."

பரோட்டாப் பொட்டலத்தோடு நுழைந்த அஸ்கர்
விஷயத்தைக் கேட்டுக் குதித்தான்.
"இதையும் பிடிச்சு வச்சுருவோம்டா."
பெடலைப் பெட்டியில் செருகினான்.
மூன்று நிமிடம் ஏதேதோ சீழ்க்கை அனுப்பி அளந்தது.
பிறகு அதில் வாசித்தேன்.
அதே கரகரப்பு. அதே தடிமன்.
கடைசி நோட்டு அடங்கும்போது வரும் இருமல்கூட அப்படியே.

வாசிப்பை நிறுத்தினேன்.
காத்திருந்தோம்.
சால்னா ஆறிக்கொண்டிருந்தது.
பெட்டிக்குள் யாரும் இறந்திருக்கவில்லை.

திருவிழாவில் பெட்டியைத்தான் வாசித்தேன்.
ஜெனரேட்டர் இரண்டு தடவை முனகியது,
மற்றபடி குறையில்லை.
பாதிரியார் பாஸ் நன்றாகக் கேட்டதாகச் சொன்னார்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில்
எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு ஒன்பது வோல்ட் கேட்டேன்.
"மீட்டருக்கா?" என்றார் கடைக்காரர்.
ஆமாம் என்றேன்.
இரண்டாகக் கொடுங்கள் என்றேன்.