விகுதிக்கு ஒரு தலை இருந்தது

லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றம், மூன்றாம் அறை.
இடக்காதில் தமிழ், வாயில் ஆங்கிலம்,
நடுவில் நான், மாதச் சம்பளத்துக்கு.

சாட்சிக் கூண்டில் தேவேந்திரன்,
ஃபெர்ரியில் கயிறு கட்டுபவர்.
புதுச் சட்டையில் கடை மடிப்பு கலையவில்லை.
சொன்னார்:
"அவன் பிள்ளைத்தனத்த நாந்தாங்க கெடுத்தேன்."

தனம்.
அகராதிப்படி சைல்டிஷ்னஸ்:
அடம், குறும்பு, தரையில் உருளுவது.
அதைக் கெடுத்தவனை எந்தக் கோர்ட்டும் கூப்பிடாது.
குழந்தைமை என்றிருக்கலாம் அவர்;
ஃபெர்ரியில் யார் அப்படிப் பேசுகிறார்கள்.

சைல்ட்ஹூட் என்றேன்.
நீதிபதியின் பேனா அசைந்தது.

சூலியா ஸ்ட்ரீட்டில் பதினைந்து வெள்ளிக்கு
அட்டையில்லாமல் வாங்கிய சொற்பிறப்பு அகராதி
வீட்டில், அரிசி டின்னுக்கு மேலே இருக்கிறது.
ஹூட் ஒரு காலத்தில் தனிச்சொல் என்கிறது அது.
ஹாட். ஆள், அந்தஸ்து, ஒருவர் இருக்கும் விதம்.
தன் காலில் நின்று பேசிய சொல்
அடுத்தவர் பின்னால் நடந்து நடந்து
ஒருநாள் அவர் சட்டையோடு தைக்கப்பட்டுவிட்டது.

டோம் என்றால் தீர்ப்பு.
ஃப்ரீடத்தின் கடைசியில் இன்றும்
ஒரு நீதிபதி உட்கார்ந்திருக்கிறார், தூங்கிப்போய்.
கார்டியன்ஷிப்பில் இருப்பது கப்பல் இல்லை,
யாரோ வனைந்த வடிவம்.
தேவேந்திரனிடம் சொன்னால் நம்பமாட்டார்.

ஜெர்மன்காரன் ஹைட் என்பான். அதே ஆள்தான்.
அவனுக்கும் மேலே, கிழக்குப் பக்கமாய்ப் பிரிந்த கிளையில்,
பங்காளி ஒருவன்: கேது.
வெளிச்சம் என்று பொருள், அடையாளம் என்று பொருள்.
நம் கட்டத்துக்கு வந்ததும்
தலை போய் வாலாய் மிஞ்சியவன்.

ஹர்வினுக்குக் கேது எத்தனையாம் இடம் என்று
அங்கே யாரும் கேட்கவில்லை.
ஆறு வயது.
கேட்டிருந்தால் எனக்குத் தெரியும்.

உத்தரவை மலாயில் வாசித்தார்கள்.
மலாய்க்கு வால் மட்டும் போதாது.
முன்னால் ஒரு கெ, பின்னால் ஒரு ஆன்,
சொல்லை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும்:
பெபாஸ், கெபெபாசான்.
வாரநாள் தாய்க்கு, சனி ஞாயிறு தகப்பனுக்கு.

காரிடாரில் குமுதவல்லி ஒரு கை நீட்டினாள்,
தேவேந்திரன் ஒரு கை.
பையனின் இரண்டு கையும்
மைலோ பாக்கெட்டில் இருந்தன.
உறிஞ்சி முடிக்கும் சத்தம் வரும்வரை
இருவரும் நின்றார்கள்.

மழை பாடாங்கைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.
எனக்கு ஒரு பாரம் பாக்கி:
மொழிபெயர்ப்பில் திருத்தம் ஏதும் உண்டா?

அவர் சொன்னது தனம்.
நான் கொடுத்தது ஹூட்.
ஒரு தகப்பனின் குற்றத்தைப் பெரிதாக்கினேனா,
அவர் நினைத்த அளவுக்கே அளந்தேனா?

இல்லை என்று எழுதினேன்.
ஈரக் காற்று.
மை காய நேரமெடுத்தது.