முள்

கோட்டைவாசல் தாண்டி இரண்டாம் வளைவில்
முள் சிவப்பைத் தொட்டது.
பின்சீட்டில் பிச்சி இருபது கிலோ,
டிக்கியில் கேந்தி.
ஆறு மணிக்குப் புனலூர்ச் சந்தை.
பானட்டைத் தூக்கினேன்.
ஆவியோடு இனிப்பாய் ஒரு வாசம்
பிச்சியைத் தோற்கடித்தது.

மூடியைத் தொடவில்லை.
போன சித்திரையில் தொட்டது
இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது.
நாற்பது நிமிடம்.
சிமென்ட் லாரிகள் ஹாரனால் விசாரித்துப் போயின.
பூ காத்திருக்கவில்லை.

ஆரியங்காவில் பிஜுமோன் டார்ச் அடித்துப் பார்த்தான்.
"சேச்சி, இது கூலண்ட் அல்ல,
மத்திக்கறியா."
உண்மைதான். குடம்புளி போட்ட நிறம்,
மேலே ஆடை.
எனக்கு முன் வண்டி வைத்திருந்த
கொட்டாரக்கரை வக்கீல் ஆரஞ்சு ஊற்றியிருக்கிறார்.
அதன்மேல் செங்கோட்டை இசக்கிராஜ் பச்சை.
குறையும்போதெல்லாம் நான்
புளியரை போர்வெல் தண்ணீர்.
மூன்று பேரும் நல்லதுதான் நினைத்தோம்.

இங்கே எல்லாம் கலக்கும்.
விலையைத் தமிழில் தொடங்கி
மலையாளத்தில் இறக்குகிறேன்,
சில்லறை தராதவனை மறுபடி தமிழில்.
ரேடியேட்டருக்கு அந்தப் பழக்கம் இல்லை.
இரண்டு நிறம் சேர்ந்தால்
கஞ்சியாய் உறைந்து குழாயை அடைக்கிறது.

"நம்ம வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம்க்கா,
நான்தான் கழட்டிப் போட்டேன்.
தண்ணி போதும்" என்றான் இசக்கிராஜ்.
"ஆரஞ்சு ஒழிச்சா மதி, அஞ்சு கொல்லம்
திரிஞ்சு நோக்கண்டா" என்றான் பிஜுமோன்.
ஸ்பேர்ஸ் கடை பீர்கான் மட்டும்
டப்பாவை என் பக்கம் திருப்பி வைத்தார்.
"நிறம் வெறும் சாயம்மா. பின்னாடி படிங்க.
தொண்ணூத்தி நாலு பிரீமியர்.
செம்பும் பித்தளையும், பத்தவச்ச ஈயமும்.
புது மருந்து அந்த ஈயத்துக்கு ஆகாது."
பொடி எழுத்து. செல்போனில் படம் எடுத்துப்
பெரிதாக்கிப் படித்தேன்.
பச்சைதான். இரண்டு வருஷத்துக்கு ஒருதரம்.
விலையிலும் பாதி, அதை அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. வண்டி ஆறியபிறகு
அடித்திருகைத் திறந்தேன்.
பெயிண்ட் வாளியில் மத்திக்கறி.
பிறகு தண்ணீர், ஓடவிட்டு, வடித்து,
மறுபடி, மறுபடி.
நான்காம் தரம்தான் என் விரல் தெரிந்தது.
கடைசியாய் பேட்டரித் தண்ணீர் ஒரு கேன்,
உப்பெல்லாம் போக.
புது தெர்மோஸ்டாட்.
சரிக்குச் சரி கலந்த பச்சையை ஊற்றி,
ஹீட்டர் நெம்பை முழுக்கத் தள்ளி,
மூடி போடாமல் எஞ்சினை ஓடவிட்டு
மேல்குழாயைப் பிசைந்தேன்,
பால் கறப்பதுபோல்.
உள்ளே அகப்பட்ட காற்று ஏப்பம் விட்டது.
கடைசிக் குமிழி வரக் கால்மணி நேரம்.

திரும்பிப் பார்த்தால் வாளி அருகே
எதிர்வீட்டுச் செவலை.
மூக்கு ஏற்கனவே விளிம்பில்.
இது இனிக்கும் என்று அதற்கு யார் சொன்னார்கள்?
ஸ்பானரை எறிந்தேன். படவில்லை, ஓடியது,
கொஞ்ச தூரம் போய் உட்கார்ந்து
என்னையல்ல, வாளியைப் பார்த்தது.

திங்கள் விடிகாலை இரண்டாம் வளைவில்
முள் பாதியில் நின்றது.
அதையே பார்த்துக்கொண்டிருந்ததில்
எதிரே வந்த லாரியைக் கடைசியில்தான் பார்த்தேன்.

பழையதை என்ன செய்வது என்று
டப்பாவின் பின்பக்கம் எழுதவில்லை.
ஓடையில் ஊற்றச் சொல்கிறான் இசக்கிராஜ்.
காட்டில், என்கிறான் பிஜுமோன்.
மூன்று கேன்களில் அடைத்து
மார்க்கரால் விஷம் என்று எழுதினேன்.
கீழே மலையாளத்திலும்.
அங்கேயும் அதே சொல்தான்,
எழுத்து மட்டும் கொஞ்சம் சுருண்டுகொள்கிறது.
நாய்க்கு இரண்டும் தெரியாது.
பரணில் ஏற்றினேன்.

ஐப்பசி வந்துவிட்டது.
மூன்றும் அங்கேயே இருக்கின்றன.