ஐம்பத்தாறு

உரம் வந்து இறங்கின கிழமை.
அடகுப் பகுதியில் வாசல் தாண்டி வரிசை.
பதினேழாம் இலக்கம்: நீனாவதி, உருத்திரபுரம்,
இரண்டு ஏக்கர், வாய்க்காலின் கடைசிக் காணி.
கைக்குட்டையை அவிழ்த்து மேசையில் வைத்தாள்.
பாதிப் பாக்கின் அளவு நீலம்.

உரசிப் பார்க்க இடமில்லை,
முகம் முழுக்க எனாமல்.
ஊசி பொருத்தின பின்பக்கம் மட்டும் பொன்,
அதில் ஒரு நெல்மணியிலும் சின்ன முத்திரை:
மகுடம்போல ஏதோ கட்டின பெண்ணின் தலை,
பக்கத்தில் 56.

இருபத்திரண்டு தெரியும். தொளாயிரத்துப் பதினாறு தெரியும்.
இதென்ன கணக்கு அக்கா?

“தொண்ணூற்றாறு பங்கில ஐம்பத்தாறு பொன்.
சார் மன்னர் காலத்துக் கணக்கு.
உங்கட கணக்கில பதினாலு கரட் எண்டு போடு.
அப்பா லெனின்கிராட்டில படிக்கப் போய்
ஒரு டிப்ளோமாவோட ஒரு மனிசியையும் கொண்டு வந்தவர்.
மனிசி இதைக் கொண்டு வந்தவ.”

லென்சைக் கண்ணில் வைத்தேன்.
நீலத்துக்கு அடியில், பொன்னில் கீறின அலைகள்
ஒன்றையொன்று தொடாமல் நடுவுக்குப் போகின்றன.
கையைச் சற்றே அசைத்தால்
காற்று விழுந்த இரணைமடு.
சுற்றிவரப் பதினொரு வைரம்.
பன்னிரண்டாவது குழி வெறும் குழி.

“அது வலைஞர்மடத்தில விழுந்தது.”

நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்:
“தாலிக்கொடி அரிசியாப் போச்சு.
காப்பு ரெண்டும் பால்மாவாப் போச்சு.
இதையும் நீட்டினன், ஒருத்தரும் வாங்கேல்லை,
பான்சிக் கடைச் சாமானாம்.
சோதனையில எடுத்துப் பாத்தவன்
பிள்ளையின்ர சட்டையில குத்திவிடச் சொல்லித் திருப்பித் தந்தான்.”

எனது படிவத்தில் வைரத்துக்குக் கட்டமில்லை.
கல்லைக் கழித்தேன், எனாமலைக் கழித்தேன்.
ஒன்பதரை கிராமில் ஆறு மிஞ்சியது.
பதினாலு கரட்டுக்கு மனேச்சரின் கையொப்பம் வேண்டும்.
அவர் சாப்பிடப் போயிருந்தார்.

விபரம் என்ற இடத்தில் பேனை நின்றது.
பழைய பற்றுச்சீட்டுகளைப் புரட்டினேன், ஆறு போகம்:
நீல நெஞ்சூசி. கல் வைத்த பொத்தான்.
பழைய பூ. பழைய பூ.
ஒருவன் ‘வண்டு’ என்று எழுதி, வெட்டி, மறுபடியும்
‘வண்டு’ என்றே எழுதியிருந்தான்.

நான் எழுதினேன்: ரஷ்ய நெஞ்சூசி ஒன்று, வைரம் பதினொன்று.

தலைகீழாகவே வாசித்துவிட்டாள்.
“குழியையும் எழுது தம்பி.
மீட்க வரேக்க பன்னிரண்டு கல் இருந்தா
அது என்ர இல்லை.”

குழி ஒன்று, என்று எழுதி
மனேச்சரின் மேசையில் வைத்துவிட்டு
பதினெட்டைக் கூப்பிட்டேன்.