மூன்றாகக் கிழித்த நாடகம்

மருதானைப் பழைய புத்தகக் கடையில்
ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. நூற்றெண்பது ரூபாய்.
ஆளுக்கு அறுபது போட்டோம்.
வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸில்
கௌதமி கொம்பாஸ் முனையால்
முதுகுத் தையலை அறுத்தாள்.
முதல் இரண்டு அங்கம் அவளுக்கு.
நடு அங்கம், தடித்தது, ரிஸ்மியாவுக்கு.
எனக்குக் கடைசி இரண்டு.
"கிழமைக்கு ஒருக்கா மாத்துவம்."
மாற்றவேயில்லை.

எனவே என் நாடகம் இப்படித்தான் தொடங்கியது:
கோட்டை ஏற்கெனவே விழுந்துவிட்டது.
மூன்று தளபதிகளில் ஒருவன் பிணமாய்க் கிடக்கிறான்,
இன்னொருவன் அரியணையில் அமர முடியாமல் நிற்கிறான்,
மூன்றாமவன் அழுகிறான்,
பதினொரு பக்கம் அழுகிறான்.
இரவில் வடக்கு வாசலை உள்ளிருந்து திறந்தது யார்
என்று எல்லாரும் கேட்கிறார்கள்.
என் பக்கங்களில் யாருக்கும் தெரியாது.

நாடகமும் அரங்கியலும் பாடத்தில் டீச்சர்
குறிப்புச் சொல்லிக்கொண்டே போவா:
அதிகாரம், உபபிரிவு அ.
துரோகம், உபபிரிவு ஆ.
ஒரு மார்க்குக்கு ஒரு வரி.
அழுகிறவனின் வசனங்களுக்கு அடியில்
நான் சிவப்பு மையால் கோடிழுத்தேன்.
மூவரிலும் நல்லவன் அவன்தான் என்று
ஓரத்தில் எழுதியும் வைத்தேன்.

மெரின் டிரைவில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
கல்லில் இருந்து
உப்புத்தூள் மிளகாய்த்தூள் போட்ட அன்னாசி தின்றபடி
நாங்களும் ஓர் ஒப்பந்தம் செய்தோம்.
தமிழ் மன்றத்துக்கு ரிஸ்மியா தலைவி,
கௌதமி செயலாளர்,
நான் பொருளாளர்.
வாள் இல்லை. அன்னாசிக் குச்சியில்
மூன்று கை வைத்தோம்,
சிரித்துக்கொண்டுதான்.
பாணந்துறை ரயில் போனதில்
யார் என்ன சொன்னோம் என்று சரியாகக் கேட்கவில்லை.

வாக்கெடுப்புக்கு முதல்நாள்
ஹம்டன் லேன் திருப்பத்தில், மழைக்கு ஒதுங்கி நிற்கையில்
கௌதமி சொன்னாள்:
"அவள் வந்தா நாடகப் போட்டியும் அவளின்ட கையில்தான்.
நீ எனக்குப் போடு. செயலாளர் உனக்கு."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த ஒன்றுமில்லாததைத்தான்
அவள் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.
கணக்கு பிழைக்கவில்லை.

இரசாயன ஆய்வுகூடத்தில்,
முகவை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில்
மடித்த கடதாசிகளை எண்ணினார்கள்.
பதினாறு.
பதினேழு.
எந்த மடிப்பு என்னுடையது என்று
எனக்கு மட்டும் தெரியும் என்றிருந்தேன்.

ரிஸ்மியா கௌதமிக்குக் கைகொடுத்தாள்.
அன்று யாரும் கேளாமலே
அதிகம் அழுதவள் நான்.
பம்பலப்பிட்டி ஹோல்டில்
அவள் தன் பையைத் திறந்து
இறப்பர் பட்டி போட்ட நடு அங்கத்தை நீட்டினாள்.
"இந்தா. உன்ட முறை."
கோபம் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.
155 வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அன்றிரவு வாசித்தேன்.
ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
அறுபத்திரண்டாம் பக்கத்தில்
விளக்கை ஊதி அணைத்துவிட்டு
வடக்கு வாசலின் தாழைத் தூக்குகிறான்
என் நல்லவன்.
ரிஸ்மியா அந்த இடத்தில்
கோடு எதுவும் போட்டிருக்கவில்லை.
சின்னதாய் ஒரு புள்ளி, பென்சிலால்.

சோதனையில் அதே கேள்வி வந்தது.
கூட்டணி உடைந்தது அதிகாரத்தாலா அச்சத்தாலா, ஆராய்க.
ஆறு பக்கம் ஆராய்ந்தேன்.
ஏ கிடைத்தது.

இப்போதும் என்னிடம்
நடுவும் கடைசியும் இருக்கின்றன, அட்டை இல்லாமல்.
முதல் இரண்டு அங்கம் கௌதமியோடு
எந்த வீட்டுக்கு, எந்த நாட்டுக்குப் போனதோ.
அங்கேதான் அவர்கள் மூவரும்
ஒரே வாளில் கை வைக்கிறார்களாம்.
டீச்சரின் குறிப்பில் அது ஒரே வரி.

என்ன சொல்லிச் சத்தியம் செய்தார்கள் என்று
நான் இன்னும் வாசிக்கவில்லை.