ஆற்றுதல்

சத்தம் நின்றதால்தான் விழித்தேன்.

இரண்டு வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம்
ஒரு மோட்டார் முனகிக்கொண்டே இருந்தது.
வீட்டு நிர்வாகத்துக்குக் கடிதம்கூட எழுதிவைத்தேன்,
முத்திரை மட்டும் ஒட்டவில்லை.
ஆகஸ்டில், வின்டர்தூர் முழுவதும்
அடுப்பில் மறந்த சட்டிபோல் காய்ந்த வாரத்தில்,
மழை இல்லாமல் இடி மட்டும் விழுந்து
தெருவிளக்குகள் அணைய, முனகலும் அணைந்தது.
நல்லது என்று திரும்பிப் படுத்தேன்.
பிறகுதான் உறைத்தது,
சாவி என்னிடம்.

டிச்சினோவுக்குப் போகும்போது சொலிங்கர் அம்மா
குளிர்பெட்டிக் கதவில் பச்சை மையால்
எழுதி ஒட்டிப்போன விதிகள் ஆறு.
காலையில் ஒரு சிட்டிகை தீனி.
கண்ணாடியைத் தட்டக் கூடாது.
செடி மிதந்தால் பயப்பட வேண்டாம்.
இப்படியே போகிறது.
மின்சாரம் போனால் என்ன என்று ஆறிலும் இல்லை.
இங்கே அது போகாது என்று அவர் நம்பியிருப்பார்.
நான் விளக்கில்லாத ஊரில்
குப்பி விளக்கில் பத்தாம் வகுப்புப் படித்தவள்,
எனக்காவது கேட்கத் தோன்றியிருக்க வேண்டும்.

மெழுகு மணக்கும் அந்நியர் வரவேற்பறை.
கைப்பேசி வெளிச்சத்தில் தொட்டி.
எல்லா மீனும் மேலே வந்திருந்தன,
தண்ணீரின் தோலில் வாய் பதித்து
பேச்சு வராதவர்கள்போல.
மணலை விட்டு எழும்பாத மீசைக்காரர்கள்கூட.
குராமி ஒன்று மட்டும் எழுந்து
ஒரு மடக்குக் காற்றை விழுங்கிவிட்டு
எனக்கென்ன என்று கீழே போனது.

ஒன்பது சதவீத பற்றரியில் படித்தேன்:
சூடான நீரில் காற்றுத் தங்காது,
இரவில் செடிகளும் பங்கு கேட்கும்,
மேற்பரப்பு அசைந்தால்தான் மூச்சு.
அசைக்க வேண்டும். அவ்வளவுதானே.

ஓடிப்போய் என் சில்வர் பேணியை எடுத்துவந்தேன்.
மூடியைக் கழற்றி, முக்கி, முழங்கை உயரத்துக்குத் தூக்கி
ஊற்றினேன். முக்கி, தூக்கி, ஊற்றினேன்.
தேத்தண்ணி ஆற்றத் தெரிந்த கைக்கு
இதில் புதிதாக என்ன இருக்கிறது,
நுரை கட்டினால் சரி.
சூட்டையும் ஆற்றுவோம், அழுகிறவரையும் ஆற்றுவோம்,
மூச்சு முட்டுகிறவற்றுக்கும்
அன்றிரவு அந்தச் சொல்லே போதுமாயிருந்தது.

இரண்டு மணிக்கு வாசலில் ஒரு துடைப்பக்கட்டை.
அதன் பின்னால் மூன்றாம் மாடி ஆர்பேர்,
ஆளில்லாத வீட்டில் வெளிச்சம் அலைகிறதே என்று
கள்ளனைப் பிடிக்க வந்தவன்.
என்னைப் பார்த்தான், பேணியைப் பார்த்தான்,
மீன்களைக் குனிந்து பார்த்தான்.
கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு
பால்கனியிலிருந்து பூவாளியைக் கொண்டுவந்தான்.

அவன் ஊற்ற, நான் தோளை நீவினேன்.
நான் ஊற்ற, அவன் தரையைத் துடைத்தான்.
அவனுடைய ஜெர்மன் கொசோவோ வழியாக வந்தது,
என்னுடையது யாழ்ப்பாணம் வழியாக,
நடுவில் சந்தித்த சொற்கள் ஐந்தோ ஆறோ.
அவன் உறைபெட்டியிலிருந்த பட்டாணிப் பொதி
கட்டிய பையோடு தொட்டியில் மிதந்தது,
சிறு தீவு.
மூன்றரைக்கு அவன் போய்விட்டான்,
பேக்கரி வேலை, மாவு காத்திருக்காது.

நாலு பத்துக்குக் குளிர்பெட்டி முதலில் உறுமியது.
அப்புறம் அந்த மோட்டார்,
ஒரு தடவை இருமி, இன்னொரு தடவை இருமி,
முனகத் தொடங்கியது.
குமிழிகள் வரிசை பிடித்தன.
மீசைக்காரர்கள் முதலில் இறங்கினார்கள்.
சிறிய மீனொன்று இறங்கவில்லை.
அதைக் கரண்டியில் எடுத்துக்
கடுதாசியில் சுற்றினேன்.

வீட்டுக்கு வந்து சுவரோடு காதை வைத்துப் படுத்தேன்.
விடியும்வரை நிற்கவில்லை. நின்றுவிடுமோ என்று
விடியும்வரை நானும் தூங்கவில்லை.

அவர் திரும்பிய நாள், தாளில் ஏழாவதாக
நீல மையில் நான் சேர்த்ததை
நின்றபடியே வாசித்தார்:
மின்சாரம் போனால், பேணி. உயரத்திலிருந்து.
ஒன்று குறைந்துவிட்டது என்றேன்.
தெரியும், எண்ணினேன் என்றார்.
மறுநாள் போனபோது தாள் அங்கேயே இருந்தது,
என் ஜெர்மனில் ஒரு பிழை மட்டும்
பச்சை மையால் திருத்தப்பட்டு.