சுருட்டி வைக்கும் குழாய்

கடைக்காரர் மூன்றை எடுத்துப் போட்டார்.
முதலாவது விறைப்பு.
போன வருஷம் அதன் தம்பிதான்
வலைக்கண்ணில் மாட்டி என் கண்ணாடியை உருவியது.
இரண்டாவதன் தலையில் மிதவை, மூடி, ஒளிப்பட்டை,
கல்யாண மாப்பிள்ளை போல.
மூன்றாவதைச் சுருட்டினேன்.
தொடைப் பையில், கத்திக்குப் பக்கத்தில்,
கைமுறுக்காய் அடங்கியது.
விட்டதும் எழுந்து நின்றது, கொஞ்சம் கோணலாக.

"முதுகுல சிலிண்டர் இருக்கே,
இது வேற எதுக்கு?" என்றான் அஞ்சப்பன்.
அவன் படகில் உட்காருகிறவன்.

ஐப்பசிக் கடைசி. கொள்ளிடம் புரண்டு
கடல் தேநீர் நிறத்தில் கிடந்தது.
பழையாற்றுக்கு வெளியே
மூழ்கிய விசைப்படகில் சிக்கிய வலையை
அறுத்துவிட்டு மேலே வந்தேன்.
முள் சிவப்பில்.
நீரோட்டம் என்னைத் தெற்கே தள்ளியிருந்தது.
படகைக் காணோம்.
ஒவ்வோர் அலையும் வாயைத்தான் குறி வைத்தது.

பையைத் தடவினேன்.
சுருள் அவிழ்ந்து, அதே கோணலோடு,
தண்ணீருக்கு மேல் ஒரு சாண் நின்றது.

ஊதித் துப்பிவிட்டு இழுத்தேன்.
மூக்கு கண்ணாடிக்குள். நாக்குதான் மோந்தது:
புது ரப்பர்,
ஆற்றோடு வந்த ஆகாயத்தாமரை அழுகல்,
பிறகு, மெல்லிசாக,
டீசல்.

காற்று வந்த பக்கம்
நீந்தத் தொடங்கினேன்.